பேச்சியம்மா சொன்ன ‘காணாம்’

போன வாரம் பழைய ஆபீசிலிருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. பேரு பிந்து. நான் ரிட்டயர் ஆகுற வருஷம் கிளார்க்கா வந்து சேர்ந்தது. இப்ப முதல் தடவையா அதுக்குப் பிரிசைடிங் ஆபீசர் டியூட்டி வந்திருக்கு. ஒரு வாக்குச்சாவடிக்கு அன்னைக்கு ஒருநாள் முழுப்பொறுப்பு. “சாரே, ஓப்பன் வோட்டில் தர்க்கம் வந்நால் எந்து செய்யணும்?”னு கேட்டுச்சு. ஓப்பன் வோட்டுல தகராறு வந்தா என்ன செய்யணுமாம். “ஹேண்ட்புக்கைப் பாரு, என்னை எதுக்குக் கேக்குறே?”ன்னு வெடுக்குனு சொல்லிப் போனை வச்சுட்டேன்.

வச்சப்புறம் அடுப்புல பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியாம நின்னுட்டிருந்தேன். பாவம், அது என்ன தப்பாக் கேட்டுச்சு? கண்ணு தெரியாதவங்க, கை விளங்காதவங்க ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிட்டு வந்து, அந்த ஆள் கையால ஓட்டுப் போடுறதுக்கு இங்க திருவனந்தபுரத்துல ஓப்பன் வோட்டுன்னு பேரு. அந்தப் பேரைக் கேட்டாலே நான் பேச்சை மாத்திடுவேன். ஏன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்ல ஆளும் இல்லைன்னு வைங்க. பிந்து கேட்டதுக்குப் பதிலா இதை எழுதுறேன்.

என் பேரு சங்கரன். பேரை வச்சு ஆள் தமிழனா மலையாளியான்னு கண்டுபிடிக்க முடியாது. அது எனக்கு ரொம்ப நாள் சௌகரியமா இருந்துச்சு. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவுல ஒரு அரிசி மண்டியில மூட்டை எடை போட்டவர். வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம், ஆபீஸ்ல மலையாளத்தோட பாதி இங்கிலீஷ். அரசாங்க டிபார்ட்மெண்ட் ஒண்ணுல கிளார்க்கா நுழைஞ்சு சீனியர் சூப்பரண்டா வெளிய வந்தேன். ஃபைலைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல. எலெக்‌ஷன் டியூட்டிதான் என் உயிர். மத்தவங்க டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுத்துத் தப்பிக்கப் பார்ப்பாங்க. நான் ஆர்டர் வரலைன்னா முகம் தொங்கிப் போய்த் திரிவேன். டிரெயினிங்னு ஒண்ணு உண்டு: ஒரு ஹால், ஒரு மைக், பருப்புவடை, அப்புறம் நல்ல தூக்கம். வேலையை நான் படிச்சது பத்ரோஸ் சார்கிட்ட.

பத்ரோஸ் சார் காலேஜ் வாத்தியார். என் முதல் மூணு தேர்தல்லயும் அவர்தான் பிரிசைடிங் ஆபீசர், நான் அவருக்குக் கீழே பேரு வாசிக்கிற ஆபீசர். மனுஷன் பூத்துக்கு வரும்போது ஃபிளாஸ்க்குல பால் விடாத கட்டஞ்சாயா, ஒரு டப்பால அவல், குடிக்கத் தண்ணிகூட வீட்டுலேர்ந்து கொண்டுவருவார். கட்சி ஏஜெண்டுங்க யாரும் கொடுக்கிற ஒரு வாய்த் தண்ணி தொடமாட்டார். சிவப்பு, பச்சை, காவி, நீலம் ஒண்ணும் உடுத்தமாட்டார். ரெண்டு நாளும் ஒரே சாணிக் கலர் சட்டை. “சங்கரா, பூத்தில் சிரிக்கருது. சிரிக்கும் பார்ட்டியுண்டு”ன்னு சொல்வார். சிரிப்புக்கும் கட்சி உண்டாம்! ஒருத்தனைப் பார்த்துச் சிரிச்சா மத்தவன் அதைக் குறிச்சு வச்சுக்குவானாம். நான் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டேன். குரங்குப்பிடி. பூத்துல சிரிக்காதேன்னு அவர் சொன்னா நான் ஊர்லயே சிரிக்காம இருந்துட்டேன்.

பேரு வாசிக்கிற வேலை இருக்கே, அதுல உட்கார்ந்தா மனுஷங்களைப் படிக்கலாம். வரிசை நம்பரையும் பேரையும் உரக்கச் சொல்லணும். சொன்னதும் பக்கத்து பெஞ்சுல இருக்கிற ஏஜெண்டுங்க அவங்கவங்க லிஸ்ட்ல ஒரு கோடு போடுவாங்க. அந்தப் பேனா போற வேகத்துலயே தெரிஞ்சிடும், இது யார் வீட்டு ஓட்டுன்னு. யார் யாரோட வர்றாங்க, ஸ்லிப் யார் கையில இருக்கு, புருஷன் போட்டு முடிச்சு வாசல்ல நிக்கிறானா இல்ல பீடி பத்த வைக்கப் போயிட்டானா, எல்லாம் கணக்கு. இந்த ஊர்ல ஒரு வீடு எந்தப் பார்ட்டின்னு கேக்கவே வேண்டாம். என்ன பேப்பர் வாங்குறாங்க, எந்த வாசகசாலையில உட்கார்றாங்க, கோயில் கமிட்டியா, பள்ளிக் கமிட்டியா, எந்த சமுதாயம், யார் கல்யாணத்துக்கு யார் பந்தல் போட்டாங்க, யார் சவத்துக்கு யார் மலர்வளையம் வச்சாங்க, அதுலயே முடிஞ்சிடும். கொள்கை, திட்டம், பிரசங்கம் எல்லாம் அப்புறம். ஓட்டுங்கிறது பாதிப் பேருக்கு வீட்டுப்பேரு மாதிரி. பொறக்கும்போதே ஒட்டிக்கிட்டு வந்தது.

அப்படிப்பட்ட ஊர்ல நான் எந்தப் பக்கமும் இல்லாம நின்னேன். ஆபீஸ்ல ரெண்டு யூனியன். ரெண்டுலயும் சேரலை. ஸ்டிரைக் வந்தா ரெண்டு பக்கமும் என்னைச் சந்தேகமாப் பார்க்கும். “சங்கரன் சார் ஆருடெ கூடெயா?”ன்னு கேப்பாங்க. யாரோடயும் இல்லைன்னு சொன்னா, “அது எப்படி?”ன்னு ஒரு முழி. கேண்டீன்ல நான் வந்து உட்கார்ந்தா பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறிடும். என் பெஞ்சாதி ராஜம் ஒருதடவை, “எங்கிட்டயாவது சொல்லுங்களேன், யாருக்குப் போட்டீங்க?”ன்னு கேட்டா. “ரகசிய வாக்கெடுப்பு”ன்னு சொன்னேன். “நான் என்ன ஏஜெண்டா?”ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. அதுக்கப்புறம் அவ கேக்கவே இல்ல. பெரிய கொம்பன்னு நெனப்பு எனக்கு.

ரிட்டயர் ஆனப்ப ரெண்டு யூனியனும் அவங்கவங்க ஆளுக்கு செண்டாஃப் கொடுத்தாங்க. மாலை, போட்டோ, ஜீப்புல வீடுவரைக்கும் கொண்டுவிடுறது. எனக்கு செக்‌ஷன்ல மிக்சரும் டீயும். அது போகட்டும். ராஜம் போனப்பதான் எனக்கு உறைச்சுது. இங்க ஒரு சாவு விழுந்தா பார்ட்டிக்காரங்க வந்து நிப்பாங்க. நாற்காலி, டார்ப்பாய், ஆம்புலன்ஸ், மயானத்துக்குச் சொல்றது எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, வீட்டுக்காரன் அழுதா மட்டும் போதும். எனக்கு அழ நேரமில்ல. நாற்காலிக்கு நானே போன் பண்ணினேன். பக்கத்து வீட்டுக்காரரும் பால்காரரும் தூக்கினாங்க. மக வெளிநாட்டுலேர்ந்து வந்து சேர ரெண்டு நாளாச்சு. இப்ப வீட்டுல நானும் ஒரு டிவியும். அதுல எலெக்‌ஷன் நியூஸ் வந்தா நிறுத்திடுவேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ரிட்டயர் ஆகுறதுக்கு முந்தி கடைசியா எனக்கு வந்த டியூட்டி போனக்காட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுல. எஸ்டேட் பாதி மூடிக் கிடந்துச்சு. சம்பளம் ஒழுங்கா வராம, சின்ன வயசு ஆளுங்க பட்டணத்துக்குக் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போயிட்டாங்க. லயத்துல, அதாவது வரிசை வீடுகள்ல, வயசானவங்களும் பொம்பளைங்களும்தான் மிச்சம். எல்லாரும் தமிழ்க்காரங்க, தாத்தா காலத்துல மலையேறி வந்தவங்க. எஸ்டேட் பள்ளிக்கூடத்துல பூத்து, பிரிசைடிங் ஆபீசர் நான். என் டீம்ல மத்த மூணு பேரும் மலையாளிகள். முந்தின நாளே நான் ஒரு முடிவு எடுத்துட்டேன்: இங்க தமிழ்ல வாயைத் திறக்கக்கூடாது. திறந்தா ‘நம்ம ஆளு’ன்னு ஒட்டிக்குவாங்க, எதிர்ப்பக்கத்து ஏஜெண்டு அதை எழுதி வச்சுக்குவான். பத்ரோஸ் சார் சிஷ்யன் இல்லையா நான்! காலையில மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அந்த ஓட்டையெல்லாம் மெஷின்லேர்ந்து அழிச்சு, சீல் வச்சு, ஏஜெண்டுங்க கையெழுத்து வாங்குற வரைக்கும் சுத்த மலையாளம். சமையலுக்கு வந்த அம்மா, “சாருக்கு உப்பு போதுமா?”ன்னு தமிழ்ல கேட்டப்பகூட “மதி”ன்னு மலையாளத்துலதான் சொன்னேன்.

பத்து மணி இருக்கும். ஒரு பையன், முப்பது வயசு இருக்கும், அவன் அம்மாவைக் கையைப் பிடிச்சு கூட்டிட்டு வந்தான். பேரு செல்வன். அந்த லயத்துல ஒரு பார்ட்டிக்கு அவன்தான் எல்லாம். கட்சிப் பேரு எழுதமாட்டேன், பழக்கதோஷம். அம்மா பேரு பேச்சியம்மாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்து வெடிச்சிருந்துச்சு. “அம்மக்குக் கண்ணு காணான் வய்யா, ஓப்பன் வோட்டாணு”ன்னான் செல்வன். அம்மாவுக்குக் கண்ணு தெரியாதாம்.

எதிர்ப்பார்ட்டி ஏஜெண்டு எழுந்து நின்னுட்டான். வேணுன்னு பேரு, மலையாளி, கீழே ஊர்லேர்ந்து வந்தவன். “சாரே, இவர் கண்ணு ஆபரேஷன் கழிஞ்ஞதாணு. நல்ல காழ்ச்சயுண்டு. ஞான் சம்மதிக்கில்ல.” ஆபரேஷன் முடிஞ்சு நல்லாப் பார்வை தெரியுதாம், அவன் ஒத்துக்கமாட்டானாம்.

இந்த இடத்துல பிரிசைடிங் ஆபீசர் செய்ய வேண்டியது ஒண்ணுதான். ஓட்டரால சின்னத்தைப் பார்க்க முடியுமா முடியாதான்னு தானே கேட்டுத் திருப்திப்படணும். ஆபீசர் சொன்னதே தீர்ப்பு. எங்களுக்கு அட்டையில செஞ்ச மாதிரி மெஷின் ஒண்ணு கொடுப்பாங்க, அதுல பொய்ச் சின்னங்கள் இருக்கும். அதை எடுத்து அவ முன்னாடி பிடிச்சேன். சுத்தமா மலையாளத்துல கேட்டேன்:

“அம்மே, இதிலெ படம் காணாமோ?”

அவ அட்டையைப் பார்த்தா. அப்புறம் என் முகத்தைப் பார்த்தா. மகன் அவ முழங்கையைப் பிடிச்சபடியே நின்னான்.

“காணாம்”னா.

வேணு கையைத் தட்டினான். “கேட்டல்லோ! காணாம் என்னு அவர் தன்னெ பறஞ்ஞு. பின்னெ எந்து ஓப்பன் வோட்டு?”

செல்வன் கத்தினான். “அம்ம பறஞ்ஞது தமிழா! தமிழில் காணாம் என்னால் காணுன்னில்ல என்னா அர்த்தம்!”

ரெண்டு பேரு சொன்னதும் சரி. மலையாளத்துல ‘காணாம்’னா தெரியுது, பார்க்க முடியும். நம்ம ஊர்த் தமிழ்ல ‘காணாம்’னா இல்லை, தெரியலை. “செருப்பைக் காணாம், ஆளைக் காணாம்”னு சொல்றோமே, அது. ஒரே எழுத்து, ஒரே சத்தம், அர்த்தம் நேர் எதிர். என் டீம்ல இருந்த மூணு மலையாளிகளும் என் முகத்தையே பார்த்தாங்க. அவங்களுக்குக் கேட்டது ‘தெரியுது’தான்.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை பொங்குச்சு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், பெருமைதான். இத்தனை வருஷம் மறைச்சு வச்ச தமிழுக்கு இப்ப ஒரு வேலை வந்திருக்கு. இந்த ரூம்ல நியாயம் சொல்லத் தகுதியுள்ளவன் நான் ஒருத்தன்தான்! எழுந்து நின்னு மலையாளத்துல சொன்னேன்: “ஞான் தமிழனாணு. அவர் பறஞ்ஞது தமிழ். இவர்க்குக் கண்ணு காணில்ல. ஓப்பன் வோட்டு அனுவதிச்சிரிக்குன்னு.” அவளுக்குக் கண்ணு தெரியாது, ஓப்பன் வோட்டுக்கு அனுமதின்னு தீர்ப்பு.

ரெண்டாவது ஒரு கேள்வி கேட்டிருக்கணும். “என்ன படம்?”னு கேட்டா முடிஞ்சுது. அதுக்கு ஹேண்ட்புக் வேண்டாம், அடுப்படி புத்தி போதும். நான் கேக்கலை. வெளியில வரிசை நீளுதுன்னு சாக்கு சொல்லலாம். உண்மை அது இல்ல. எனக்கே எல்லாம் தெரியும்னு நெனச்சேன், அவ்வளவுதான்.

வேணு முணுமுணுத்துக்கிட்டு உட்கார்ந்தான். செல்வன்கிட்ட உறுதிமொழிப் பத்திரத்துல கையெழுத்து வாங்கினேன். அம்மா ஓட்டு ரகசியத்தைக் காப்பேன், இன்னைக்கு வேற யாருக்கும் துணையாப் போகலைன்னு எழுதியிருக்கும். லிஸ்ட்ல பேரு ஏத்தினேன். அம்மாவுக்கு இடது கை விரல்ல மை, துணைக்கு வந்தவனுக்கு வலது கை விரல்ல மை. ரெண்டு பேரும் அட்டை மறைப்புக்குப் பின்னாடி போனாங்க. பீப் சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்தாங்க. அடுத்த பேரை வாசிச்சாங்க.

மத்தியானம் கூட்டம் குறைஞ்சப்ப, என் நாற்காலியை முதல் ஆபீசர்கிட்ட ஒப்படைச்சுட்டுக் கை கழுவப் போனேன். பள்ளிக்கூடத்துப் பின்வாசல் படிக்குப் பக்கத்துல குழாய். அந்தப் படியில பேச்சியம்மா உட்கார்ந்திருந்தா. மகன் மத்தவங்களைக் கூட்டிட்டு வரப் போயிருந்தான். என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினா.

“சார் தமிழா?”

“ஆமாம்மா. சாலைக் கடைத்தெருவுல வீடு.”

“அதான்”னா. “நான் மலையாளத்துக்காரர்னுல்லா நெனச்சேன்.”

“ஏம்மா?”

“சார், சட்டைப்பையில பேனா மை கசிஞ்சிருக்கு. கழுவிருங்க, காஞ்சா போவாது.”

குனிஞ்சு பார்த்தேன். மிளகு அளவுக்கு ஒரு பொட்டு. எனக்கே தெரியாத பொட்டு.

“அம்மா, உங்களுக்குக் கண்ணு தெரியுதா?”

“நான் மலையாளத்துலதான் சார் சொன்னேன். நீங்க மலையாளத்துலல்லா கேட்டீய.”

அப்புறம் அவளே சொன்னா, ஏதோ அரிசி விலை சொல்ற மாதிரி, குரலை ஏத்தாம இறக்காம. கண்ணுல புரை விழுந்து நாலு எலெக்‌ஷனா ஓப்பன் வோட்டு. முதல்ல புருஷன் போட்டாரு, அவரு போனப்புறம் மகன். இந்த வருஷம் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனதே மகனோட பார்ட்டிக்காரங்கதான். வேன் வச்சு, சோறு வாங்கிக் கொடுத்து, கையைப் பிடிச்சு. பார்வை நல்லாத் திரும்பிடுச்சு. ஆனா இதுக்கு நடுவுல அவ தம்பி மறு பார்ட்டிக்குப் போயிட்டான். அதனால அவங்க வீட்டு ஓட்டுமேல லயத்துல எல்லாருக்கும் சந்தேகம். “இந்தத் தடவை மட்டும் ஓப்பன் வோட்டே இருக்கட்டும்மா, இல்லேன்னா பார்ட்டி கமிட்டில எனக்கு மரியாதை இருக்காது”ன்னு மகன் கெஞ்சியிருக்கான்.

“எனக்குக் கண்ணு தெரியும்னு அங்க வச்சு எப்படிச் சொல்ல? பெத்த பிள்ளையை நாலு பேரு முன்னாடி பொய்யன்னு சொல்லவா? நீங்க கேட்டீயளா, காணாமோன்னு. சட்டுனு வாயில வந்துட்டு. காணாம்னு சொல்லிட்டா, ஆபீசர் மலையாளத்தார், தெரியுதுன்னு எடுத்துக்கிடுவாரு, என்னைத் தனியாப் போடச் சொல்லிருவாரு. மகன் கேட்டா, நான் தெரியலைன்னுதான்டா தமிழ்ல சொன்னேன், அந்தாளு தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருன்னு சொல்லிக்கிடலாம். அவன் கமிட்டியிலயும் அதையே சொல்லிக்கிடுவான். ஒருத்தருக்கும் நோவாது.”

எவ்வளவு யோசிச்சிருக்கா பாருங்க, ஒரு நொடியில! அந்த நாற்காலியில எந்த மலையாளி உட்கார்ந்திருந்தாலும் அவளுக்கு அவ ஓட்டு கிடைச்சிருக்கும். தமிழன் உட்கார்ந்திருந்தேன், போச்சு.

“மாத்தி யாருக்கும்மா போட நெனச்சீங்க?”ன்னு கேட்டுட்டேன். சர்வீஸ்ல முதல் தடவையா அப்படி ஒரு கேள்வி கேட்டேன். கேக்கக்கூடாத கேள்வி.

“மாத்திப் போடணும்னு யாரு சொன்னா?”ன்னா. அவளுக்குக் கோபம் வந்துடுச்சு. “அவன் சொன்னதுக்கேதான் போட்டிருப்பேனோ என்னமோ. கண்ணு குடுத்தவங்கல்லா. ஒரு வாட்டி நானா அமுக்கணும்னு இருந்துச்சு. அம்புட்டுதான்.”

“இப்ப ஒண்ணும் செய்ய முடியாதேம்மா…”

“தெரியும் சார். பீப் அடிச்சுட்டுல்லா.”

“உள்ள அவன் எதுல அமுக்கினான்? பார்த்தீங்களா?”

“கண்ணை மூடிக்கிட்டேன்”னா.

அதுக்குள்ள செல்வன் மேல ஏறி வந்துட்டான். என்னைப் பார்த்து, “ரொம்ப நன்றி சார், தமிழாள் நீங்க இருந்ததால நியாயம் கிடைச்சுது”ன்னு ரெண்டு கையையும் கூப்பினான். பேச்சியம்மா எழுந்தா. என் சட்டையில மிளகளவு மையைப் பார்த்தவ, இப்ப காலை நீட்டி நீட்டிப் படியைத் தடவினா. “பாத்தும்மா, படி இருக்கு, இன்னும் ஒண்ணு இருக்கு”ன்னு அவன் சொல்லிச் சொல்லி, அவ கையை ரெண்டு கையாலயும் பிடிச்சு இறக்கிக் கூட்டிட்டுப் போனான். அவ்வளவு பதனமா. என் வாழ்க்கையில என் கையை யாரும் அப்படிப் பிடிச்சதில்ல. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. அந்த அம்மாவோட ஓட்டைப் பிடுங்கினவனுக்கு அவமேல பொறாமை! இதை எங்க போய்ச் சொல்ல?

பிரிசைடிங் ஆபீசர் எழுத வேண்டிய டைரியில நான் இதை எழுதலை. எழுதினா செல்வன்மேல கேஸ் வரும், கேஸ் வந்தா அவ இத்தனை கஷ்டப்பட்டுக் காப்பாத்தினதும் போயிடும். அதனால பிந்து, நீ கேட்ட கேள்விக்குப் பதில்: ரெண்டாவது கேள்வியைக் கேளு. ஆனா சத்தமாக் கேக்காதே. மகனைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, அவ காதோரம் கேளு.

சாயங்காலம் மெஷினை மூடி சீல் வச்சேன். ஏஜெண்டுங்க எல்லாரும் பார்மில கையெழுத்துப் போட்டாங்க. வேணுகூட மனசு மாறி வந்து என் கையைக் குலுக்கினான். “சார் நிஷ்பக்ஷனாணு”ன்னான். பாரபட்சம் இல்லாத ஆளாம். சர்வீஸ் முழுக்க நான் யார் வாயிலிருந்தாவது கேக்கணும்னு ஏங்கின வார்த்தை அதுதான். அன்னைக்குக் கேட்டேன். சரின்னு தலையாட்டிட்டு, பையைத் தூக்கிக்கிட்டு ஜீப்புல ஏறி உட்கார்ந்தேன்.